நான் ஏறாத வேன்

ஏழாயிரம்பண்ணைச் சாலையில் வேன் போகும்போது நாங்கள் ஓயாமல் பேசுவோம். பேச்சு நின்றால் வெளியே காடு முழுக்க நிற்கும் அமைதி உள்ளே ஏறிவிடும். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் அந்தப் பெண்களில் நான் ஒருத்திதான் வேதக்காரி. பொட்டில்லாத என் நெற்றியை யாரும் பெரிதாக நினைத்ததில்லை, அந்த வெடிவிபத்து வரைக்கும்.

அன்று சபையில் உபவாசக் கூட்டம், லீவு எடுத்திருந்தேன். வெடிமருந்து அடைக்கும் அறையில் என் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்தார்கள். மதியம் அறை வெடித்தது. அவள் போய்விட்டாள்.

ஞாயிறன்று போதகர் மேடையிலிருந்து சொன்னார்: கர்த்தர் தம் பிள்ளையை விலக்கிக் காத்தார். சபை அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன். உயிரோடு இருப்பவள் வேறு என்ன சொல்வாள்?

அந்தச் சொல் சபைச் சுவருக்குள் நிற்கவில்லை. கம்பெனி மறுபடி திறந்த அன்று வேனில் ஒருத்தி கேட்டாள்: “எக்கா, இன்னைக்கு நீங்க வாறீகள்ல?”

“இவுக வந்தா இன்சூரன்ஸ் வந்த மாதிரிடி” என்றாள் இன்னொருத்தி.

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் வற்றிப்போனது. ஏறும்போது ஒவ்வொருத்தியும் என் தோளைத் தொட ஆரம்பித்தாள். அதே வேனில் வரும் இறந்தவளின் தங்கை மட்டும் தொடவில்லை.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். போர்மேன் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். “சும்மா வந்து உக்காருங்க மதினி. வேலைகூடப் பாக்க வேண்டாம். நீங்க இல்லாம ஒருத்தியும் ஏற மாட்டேங்கா. ஆர்டர் அப்படியே நிக்குது.”

போனேன். காகிதக் குழாய்களுக்கு நடுவே நான் கொதித்துக்கொண்டு கிடந்தேன். அவர்கள் நிம்மதியாக மருந்து அடைத்தார்கள். அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. பயம் விட்டுப்போய் அவர்கள் கை முன்னைவிட வேகமாக ஓடியது.

பெரிய வெள்ளி வந்தது. அன்றும் கம்பெனி உண்டு. வெள்ளைச் சேலையோடு வேன் நிற்கும் இடத்துக்குப் போய், நான் வரவில்லை, கோயிலுக்குப் போகிறேன் என்றேன். படியில் கால் வைத்தவள் இறங்கிவிட்டாள்.

“அப்ப இன்னைக்கு என்னமோ இருக்கு. அவுக சாமி சொல்லிருக்கும்.”

“ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கும் சொல்லலை.”

“அப்ப அது தற்செயலா மதினி?” என்றார் போர்மேன்.

ஆமாம் என்றால் என் கர்த்தரை மறுதலிக்கிறேன். இல்லை என்றால் அந்த அறையில் அவளை உட்கார வைத்தவர் யார்?

இறந்தவளின் தங்கை வேனுக்குள்ளிருந்து அதையே கேட்டாள். “சொல்லுங்க. உங்களைத் தூக்கிட்டு எங்கக்காளை அங்கன வச்சாரா உங்க சாமி?”

“அப்படி ஒரு சாமியை நான் கும்பிடலை. எங்க சாமியும் வதைபட்டுச் செத்தவருதான். சிலுவையில சாகையில ஏன் கைவிட்டேன்னு கேட்டாரு, பதில் வரலை. அங்கன உங்கக்கா பக்கத்துல இருந்திருப்பாரு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்.”

“பக்கத்துல இருந்து என்ன பண்ணாரு?”

அவளே மற்றவர்களைப் பார்த்து, “ஏறுங்கடி, அவுக போவட்டும்” என்றாள். ஏறினார்கள். யாரும் என் தோளைத் தொடவில்லை.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனை முழுக்க நான் அந்த வேனுக்காக மட்டுமே ஜெபித்தேன். பின்வரிசையில் நாற்காலி இழுபட்டால்கூட உடம்பு தூக்கிப்போட்டது.

சாயங்காலம் நான் காத்து நின்ற இடத்துக்கே வேன் திரும்பியது. மருந்தின் வெள்ளிநிறப் பொடி படிந்த கைகளோடு எல்லோரும் இறங்கினார்கள். “பாத்தீகளா, நான் வராமலே...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோயில்ல எங்களுக்காக வேண்டுனீகளாக்கா?”

பொய் சொல்ல முடியவில்லை. “வேண்டுனேன்.”

“அதான பாத்தேன்! இனிமே தெனமும் கோயில்லயே இருங்கக்கா. ஒங்க வேலையையும் நாங்களே பாத்துக்கிடுதோம்.” சிரித்தார்கள். ஆனால் அவர்கள் கண்களில் விளையாட்டு இல்லை.

தங்கை கடைசியாக இறங்கினாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி என் முன்னால் வந்து நின்றாள்.

“அன்னைக்கும் வேண்டிக்கிட்டுதான இருந்தீக?”

“ஆமா.”

“யாருக்காக?”

அந்த மதியத்தின் ஜெபங்களைத் தேடினேன். மழைக்காக, தேசத்துக்காக, சபைக்குக் கட்டும் புது மண்டபத்துக்காக. இவர்கள் பேர் எதிலாவது இருக்கிறதா என்று இன்னும் கீழே, இன்னும் கீழே தேடினேன். வேன் திரும்புவதற்காகப் பின்னால் வந்தது. இருவரும் ஓரமாக விலகினோம். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.