அத்தைக்குக் கட்டின சக்கர வூடு

உனக்கு வேற வேலையே இல்லியா? பரண் மேல ஒரு துருப்புடிச்ச சக்கரம் கெடந்தா, எடுத்துப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டமா, கைய கழுவினமான்னு இல்லாம, "இது இன்னா ஆயா, எங்க இருந்து வந்துது ஆயா"ன்னு உசுர வாங்கற. உன் வயசுல நான் ஒருத்தரையும் ஒண்ணும் கேட்டதில்ல. கதவுக்குப் பின்னாடி நின்னு நானே தெரிஞ்சிக்குவேன். சரி, குந்து. கேட்டுட்டு உங்கம்மா கிட்ட போய்ச் சொன்னியோ, நான் சொல்லவே இல்லன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுவேன்.

அது உங்க தாத்தா கட்டின வண்டியோட சக்கரம். மாட்டுவண்டி இல்ல. ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துக்கினு போற வண்டி. உள்ள படுத்துக்கலாம், பக்கத்துல அடுப்பு வெச்சிக்கலாம், மேல கித்தான் துணியில கூரை. காடு மேடுன்னு பாக்காம போவும். யாருக்குக் கட்டினாருன்ற? எனக்கா கட்டுவாரு? அவங்க அம்மாவுக்கு.

எங்க மாமியா கெணத்தடியில வழுக்கி வுழுந்து இடுப்பெலும்பு போச்சு. அதுலருந்து ரெண்டு வருசம் கட்டில்தான். பிள்ளையார்பாளையத்துல எங்க வூட்டுல ரெண்டு தறி ஓடிக்கினு இருந்துது. அந்தம்மா நடுவுல கட்டிலப் போட்டுக்கினு, எந்தத் தறி நின்னாலும் "ஏண்டா, செத்துட்டியா?"ன்னு சவுண்டு வுடும். கால்தான் போச்சு, வாய் ஒரு இழை கூட அறுந்துபோவல.

ஆனா ஒரு கொறை உள்ள அரிச்சிக்கினே இருந்துது. கூரம் தாண்டி, ஏரிய தாண்டி, வயலுக்கு நடுவுல எங்க கொலதெய்வம் அம்மன் இருக்குது. வருசா வருசம் ஆடியில அத்தை தன் கையாலதான் பொங்கல் வெக்கும். வுழுந்த பெறவு ரெண்டு ஆடி போயிடுச்சு. மூணாவது ஆடியும் வுட்டா அம்மன் நம்ம வூட்டு வாசல மறந்துடுவான்னு அந்தம்மாவோட மாமியா சொல்லி வெச்சிருந்துதாம். மூணாவது ஆடிக்கு இன்னும் நாலு மாசம். சாயங்காலமானா சொவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். கத்தற மனுசி கத்தாம இருந்தா வூடே பயமா இருக்குது பாரு.

மாட்டுவண்டியில ஏத்திப் பாத்தோம். தெரு முனை தாண்டல, "ஐயோ எறக்குடா"ன்னு அலறிடுச்சு. கட்டிலோட நாலு பேரு தூக்கிக்கினு போலாம்னு உங்க தாத்தா சொன்னாரு. அதுக்கு அத்தை, "டேய், நாலு பேரு என்னைத் தூக்கறது ஒரே ஒரு தபாதான். அதுக்கு இப்ப உனக்கு இன்னா அவசரம்?"னுச்சு.

உங்க தாத்தாவுக்கு ஒரு சிநேகிதரு. ரோட்டு மேல வண்டி ரிப்பேரு பட்டறை. ஒரு ஓட்டை ஜீப்பு வெச்சிருந்தாரு. அதுக்கு சாமான் வாங்க மெட்ராசுக்குப் போனவரு, மிலிட்டரிக்காரங்க கழிச்சுவுட்ட சாமான் விக்கிற எடத்துல ஒரு மரப்பெட்டியப் பாத்துட்டு வந்தாரு. பெட்டிக்குள்ள ஒரு முழு வண்டி இருக்குதுப்பா, துண்டு துண்டா. பூட்டிக்கினா போதும்னாரு. லாரியில வந்து எறங்குச்சு. ரெண்டு சக்கரம், அச்சு, வில்லு மாதிரி வளைஞ்ச பட்டை, கொழாயி, ஒரு கோணி நெறைய போல்ட்டு நட்டு, ஒரு சுருட்டு கித்தான், படம் போட்ட ஒரு கத்தை கடுதாசு. கடுதாசு பூரா இங்கிலீசு. உங்க தாத்தா மூணாங்கிளாசு. நான் பள்ளிக்கூடம் போன நாளுங்கள வெரல் வுட்டு எண்ணலாம். ஆனா படம் பாக்கறதுக்கு படிப்பு எதுக்கு? தறிக்கு டிசைன் பாத்த கண்ணுதானே.

மூணு மாசம், நெசவு முடிஞ்ச பெறவு, பட்டறையில ரெண்டு பேரும் பூட்டுவாங்க, கழட்டுவாங்க. மொதல் தபா பூட்டினப்ப சக்கரம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு மொறைச்சிக்கினு நின்னுது. "இன்னாங்க, மாமியா மருமவ மாதிரி நிக்குது?"ன்னேன். உங்க தாத்தா திரும்பல. சிநேகிதரு மட்டும், "அண்ணி, நீங்க வூட்டுக்குப் போங்க, போல்ட்டு கைநழுவுது"ன்னு சிரிச்சாரு.

தரைக்கு இரும்புப் பலகை குடுத்திருந்தாங்க. ஏரிச் சேத்துல அது முழுவிடும்னு உங்க தாத்தா அத எடுத்துட்டு மூங்கில் பத்தை அடிச்சாரு. அதுக்கு மேல அத்தைக்குப் படுக்கை. நாடா பின்னின கட்டில் மாதிரி தானே பின்னினாரு, இடுப்பு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் தொய்வா. தலைக்கு மேல தறிக்கயிறு ஒண்ணு தொங்கவுட்டாரு, அதப் புடிச்சிக்கினு அந்தம்மா தானே எழுந்து குந்தலாம். வெத்தலப் பெட்டிக்கு ஒரு அறை, இடி ஒரலுக்கு ஒரு அறை, சொம்புக்கு ஒரு வளையம். பின்பலகைய எறக்கினா அது மேலயே குந்தி அடுப்பு பாக்கலாம். மத்த அவசரத்துக்கும் ஒரு பானை வெக்க எடம் பண்ணாரு. அந்தப் பானைய யாரு கழுவறதுன்னு மட்டும் எந்தக் கடுதாசிலயும் படம் இல்ல.

மிச்சம் கூரை. அதுக்குக் கித்தானயும் கடுதாசயும் எங்க வூட்டுக்கே கொண்டாந்தாங்க. கடுதாசுல ஒரு ஆளு டப்பாவுல பிரஷ்ஷ முக்கி கித்தானுக்குப் பூசறான். "அது மெழுகு அண்ணி. மெழுகு பூசினாத்தான் மழை எறங்காது"ன்னாரு சிநேகிதரு.

எனக்குச் சுருக்குன்னுது. "இன்னாபா பேசற? துணி வெறைப்பா நிக்கறதுக்கு இன்னா பண்ணணும்னு எங்களுக்கு நீ சொல்றியா? பொறந்ததுலருந்து தெருவுல பாவு நூல நீட்டிக் கஞ்சி போடறவங்க நாங்க. டப்பாவுல இருக்கறது கஞ்சிதான். வெள்ளக்காரன் எதுல கஞ்சி காய்ச்சினா உனக்கு இன்னா?"

"கஞ்சி பட்டுக்கு அண்ணி. இது கூரை."

"கூரை இன்னா வானத்துலருந்தா வந்துது? அதுவும் நூல்தான்."

உங்க தாத்தா அம்மா பக்கம் பாத்தாரு, என் பக்கம் பாத்தாரு, போய் கழி எடுத்துக்கினு வந்தாரு. மக்யா நாள் வெடியக்காலம் தெருவுல பாவு மாதிரியே கித்தான நீட்டி, ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, நான் அரிசிக் கஞ்சிய உப்பு போட்டு கெட்டியா காய்ச்சி, தெருப் பொம்பளைங்க நாலு பேரா நின்னு பூசினோம். ஒரு தபா இல்ல, மூணு தபா. காஞ்ச பெறவு தட்டிப் பாத்தா தவில் மாதிரி சத்தம். அத்தை கூட கட்டில்ல இருந்து, "பரவால்லடி, ஒண்ணாவது கத்துக்கினியே"னுச்சு. கல்யாணம் ஆவி பத்து வருசத்துல அதான் மொதப் பாராட்டு. கண்ணு கலங்கிடுச்சின்னு வெச்சிக்கோயேன்.

ஆடி வெள்ளிக்கெழம கெளம்பினோம். சிநேகிதரு ஜீப்பு ஓட்டறாரு, பக்கத்துல உங்க தாத்தா. பின்னாடி வண்டிக்குள்ள அத்தையும் நானும். கூரம் வரைக்கும் பூ மாதிரி போச்சு. அத்தை கயித்தப் புடிச்சிக்கினு வெத்தல இடிச்சிக்கினு வந்துது. ரோடு முடிஞ்சு ஏரிக்குள்ள எறங்கினதும் மழை புடிச்சிக்கிச்சு. ஆடி மழை, சொல்லிட்டா வரும்?

கொஞ்ச நேரத்துல அத்தை நெத்தியில பொட்டுனு ஒரு சொட்டு. வெள்ளையா. தொடச்சி மோந்து பாத்துது. இன்னொண்ணு மூக்குல. அப்புறம் வரிசையா, கொழ கொழன்னு.

"ஏண்டி, மேல இருந்து இன்னாடி ஊத்துது?"

"ஆடி மாசம் இல்ல அத்தை? அம்மன் கூழு ஊத்தறா."

மொறைச்சுது பாரு ஒரு மொறை. மொகமெல்லாம் கஞ்சி, புருவத்துல பருக்கை. அதே நேரத்துல ஜீப்பு ஒரு பக்கமா சாஞ்சி சேத்துல பொதைஞ்சி நின்னுடுச்சு. உங்க தாத்தா ஓடியாந்தாரு. எட்டிப் பாத்துட்டு மொகம் செத்துப்போச்சு. "அம்மா, திரும்பிடலாமா? யாரையாவது கூட்டியாந்து ஜீப்ப எடுத்து..."

தூரத்துல கோயில் வேப்பமரம் தெரியுது. அதப் பாத்துக்கினே அத்தை, "டேய், கஞ்சியில குளிச்சாச்சு. இதுக்கு மேல இன்னா இருக்குது? வண்டிய அவுத்து இழு"ன்னுச்சு.

உங்க தாத்தா இரும்புப் பலகைய எடுத்தது அப்பதான் வேலைக்கு ஆச்சு, வண்டி லேசா இருந்துது. ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஜீப்பத் தூக்கக் கழி தேடறாங்க, பக்கத்து வயல்ல நாத்து நட்டுக்கினு இருந்த பொம்பளைங்க நாலு பேரு வந்து கொக்கிய அவுத்தாங்க. "இவ்ளோதானா? எங்க வூட்டு ஆட்ட இழுக்கறது இத வுட கஷ்டம்"னு ஒருத்தி சொன்னா. நாலு பேரும் புடிச்சாங்க.

"நில்லுங்கடி!"ன்னுச்சு அத்தை. "நாலு பேரு வேணாம். ஏய் மருமவளே, நீயும் எறங்கிப் புடி."

அஞ்சு பேரா இழுத்தோம். நானு மொழங்கால் சேத்துல, அந்தம்மா மேல சாமி ஊர்வலம் வர்றா மாதிரி குந்திக்கினு, "எடது பக்கம், எடது பக்கம்"னு சத்தம். மழை வுட்டப்ப கோயில் வாசல்ல நின்னோம்.

பின்பலகைய எறக்கி, கீழ மூணு கல்லு வெச்சி, அந்தம்மா அது மேல குந்தி, நீள அகப்பையால தானே அரிசியப் போட்டு, தானே கிளறுச்சு. யாரையும் தொட வுடல. பானை பொங்குமா பொங்காதான்னு எல்லாருக்கும் கண்ணு பானை மேலயே. ஒரு பக்கமா சாஞ்சி, கெழக்கால நொரை தள்ளிப் பொங்குச்சு. "பொங்கலோ பொங்கல்"னு அத்தை கத்தின கத்துல மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துச்சு. அழுதுக்கினே கத்துச்சு. ரெண்டு வருசமா சொவுத்தப் பாத்துக்கினு இருந்த மூஞ்சி அது.

அப்புறம் அண்ணாந்து அம்மனக் கும்புடலாம்னு திரும்பினா, வண்டி மேல கூரைய காணோம். கொழாயி மட்டும் நிக்குது. அந்தாண்ட நாலு எருமைங்க, ஆளுக்கு ஒரு மொனை, கண்ண மூடிக்கினு மென்னுக்கினு நிக்குது. ஒண்ணு வாயில கித்தான் ஓரத்து நாடா தொங்குது. உப்பு போட்ட கஞ்சி, வேற இன்னா பண்ணும்?

உங்க தாத்தா என்னைப் பாத்தாரு. சிநேகிதரு அந்தப் பக்கமா திரும்பி நின்னாரு, தோளு மட்டும் குலுங்குது. நான் தரையப் பாத்தேன்.

அத்தைதான், "நல்லா காய்ச்சி இருக்கற போலக்கீதே. எருமை எத்தினி ருசியா திங்குது பாரு"ன்னுச்சு. திட்டுதா, மெச்சுதான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல.

ஜீப்ப எடுத்து மாட்டிக்கினு திரும்பறப்ப கூரையே இல்ல. அந்தம்மா நடுவுல முக்காடு போட்டுக்கினு ராணி மாதிரி குந்திக்கினு, ரெண்டு வருசமா பாக்காத ஊர ரெண்டு பக்கமும் பாத்துக்கினு வந்துது. தெரிஞ்சவங்கள எல்லாம் பேர் சொல்லிக் கூப்புட்டு, "நீ இன்னும் இருக்கறியா?"ன்னு விசாரிச்சுது.

எங்க தெருவுல எறங்கறதுக்குள்ள சனம் கூடிடுச்சு. எதிர்வூட்டுக்காரி இடுப்புல கைய வெச்சிக்கினு, "இன்னாடி, மூணு தபா கஞ்சி போட்டமே, கூரை எங்க?"ன்னா.

"கூரையா? அது வேண்டுதல் அக்கா. அம்மனுக்கே காணிக்கையா வுட்டுட்டு வந்தோம்"னேன், கண்ணு சிமிட்டாம.

நம்பாம அத்தை பக்கம் திரும்பினா. என் பொய்ய பத்து வருசமா ஒண்ணு வுடாம புடிச்ச மனுசி அது. அத்தை நிதானமா வெத்தலைய மென்னு ஒதுக்கிட்டு, "ஆமாண்டி. ஒரு இழை மிச்சம் வெக்காம வாங்கிக்கினா"ன்னுச்சு.

மறு ஆடிக்கு எதிர்வூட்டுக்காரி ஒரு முழக் கித்தான் வாங்கி மடிச்சி, தானும் காணிக்கை வெக்கப் போறேன்னு என் கிட்ட வந்து காட்டினா. நான் ஒண்ணுமே சொல்லல. கஞ்சி கொஞ்சம் கெட்டியா போட்டு எடுத்துக்கினு போ அக்கா, அப்பதான் அம்மன் சீக்கிரமா ஏத்துக்குவான்னு மட்டும் சொன்னேன்.