உட்காராமல் நின்றவள்

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற நேரத்தில் எழுந்து கேட்கப் பயம். பெஞ்சுக்கடியில் ஓடிய தண்ணீரை முதலில் பார்த்தவன் பின்வரிசைப் பையன். மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் தண்ணி லாரி. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோடையில் எங்கள் பக்கம் குடிநீர் லாரி வரும். ஹாரன் சத்தம் கேட்டால் வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் என் பக்கம் திரும்பும். எட்டாம் வகுப்பு வரை அந்தப் பெயர் என்னோடு வந்தது. அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். அவரிடம் அழுதுகொண்டே சொன்னால், "கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போறாங்க, உடம்புல ஒட்டிக்கினா கெடக்குது?" என்று சாப்பாட்டில் கையை வைத்துவிடுவார். குழந்தைகள் விளையாட்டு என்று இதையெல்லாம் தள்ளிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஐந்து வருஷமும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். முள்ளிப்பட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அவள் வீட்டில் தறி. அப்பா, அம்மா இரண்டு பேரும் நெய்வார்கள். நான் அவர்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆறாம் வகுப்புக்கு ஆரணி டவுனில் பெண்கள் பள்ளியில் சேர்ந்தோம். ஒரே பஸ், ஒரே பெஞ்சு. ஒருமுறை பஸ்ஸில் என்னைத் தண்ணி லாரி என்றவளின் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டு, பள்ளியில் முட்டி போட்டாள். "இன்னாத்துக்குடி உனுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். "நீ அழுதா மூக்கு செவந்துபோய் பாக்க சகிக்கல" என்றாள். அவ்வளவுதான் காரணம் சொன்னாள்.

பிளஸ் ஒன்னில் வெளிப்பள்ளிப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். என் பழைய பெயர் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மறந்திருந்தார்கள், அல்லது மறந்த மாதிரி இருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. யாராவது எப்போதாவது ஞாபகப்படுத்திவிடுவார்கள் என்று தினமும் பயந்துகொண்டே இருந்தேன். வகுப்பில் ஒரு செட் இருந்தது. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள் அதற்குத் தலைவி. சென்னையில் என்ஜினியரிங் படித்த அவள் அண்ணன் கேமரா வைத்த செல்போன் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தான். அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாளோ அவள் பாடு திண்டாட்டம். யாரோடு சேர்ந்து சிரிக்கிறாளோ அவளுக்குக் கவலை இல்லை. எனக்கு அந்த இரண்டாவது இடம் வேண்டியிருந்தது. அதற்காக நாய் மாதிரி அவள் பின்னால் திரிந்தேன். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியை விட்டுவிட்டு அந்த செட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் தனியாகச் சாப்பிட்டாள். பஸ்ஸில் மட்டும் நாங்கள் பழையபடி பேசிக்கொண்டோம்.

பிளஸ் டூ முடிகிற சமயம், பிப்ரவரியில், பிரிவு உபசார விழா. எல்லோரும் பட்டுப் புடவை கட்டி வர வேண்டும் என்று தலைவி முடிவு செய்தாள். பிறகு என் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "உனுக்கு இன்னா, வூட்லயே தறி இருக்குது. நெய்ஞ்சு கட்டிகினு வந்துடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பட்டு நெய்கிற வீட்டில் பீரோ நிறையப் பட்டுப் புடவை இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆரணியில் பிறந்தவள் அப்படி நினைக்க முடியாது. தறியில் ஏற்றுகிற பாவு நூல், பட்டு, ஜரிகை எல்லாம் ஜவுளி முதலாளி கொடுப்பது. நெய்து அறுத்ததும் புடவை அவருடையது. அவள் அம்மாவிடம் இருந்ததெல்லாம் விலை குறைந்த பூனம் புடவைகள். தலைவிக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

விழாவன்று காலையில் பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அரக்குச் சிவப்பில், உடல் முழுக்க ஜரிகைக் கட்டம் போட்ட முகூர்த்தப் புடவை. முந்தானையில் ஜோடி அன்னம். மணப்பெண் வீட்டார் தனியாகச் சொல்லிச் செய்யவைத்த டிசைன், வேறு எந்தப் புடவையிலும் அது வராது. முந்தாநாள்தான் தறியிலிருந்து அறுத்திருந்தார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துப் புடவையை அறுத்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். விழாவுக்கு மறுநாள் முதலாளி வீட்டில் சேர்க்க வேண்டிய புடவை அது. அத்தை அதை மகளுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். மடிப்பு கலையாமல் இருக்க உள்ளே ஒரு பழைய வேட்டியை வைத்து, பின் குத்தாமல், வெறும் சொருகலிலேயே கட்டிவிட்டார்.

"ரெண்டு மணி நேரந்தான். ஒக்காராத. எதையும் வாங்கித் துன்னாத. பெஞ்சு கிஞ்சு மேல பட்டுச்சுன்னா இழை கிளம்பிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

நெசவு வீடுகளில் யாரும் செய்யாத காரியம் அது. இன்னொருத்தி தாலி கட்டிக்கொள்ளப் போகும் புடவையை மற்றொருத்தி முதலில் உடுத்துவதா? முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த பெண்ணுக்கு அது தெரியாதா என்ன? மகள் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். பெற்ற மனசு ஒரு காலை நேரம் புத்தி தவறிவிட்டது.

அவள் பள்ளிக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவியின் புடவை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பதினேழு வயசில் அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இல்லை, பொறாமையாக இருந்தது. விழா முழுக்க அவள் நின்றுகொண்டே இருந்தாள். டீச்சர்கள் பேசும்போது சுவரோரம் நின்றாள். எல்லோரும் லட்டும் மிக்சரும் சாப்பிட்டபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குரூப் போட்டோவில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவள் மட்டும் ஓரத்தில் நின்றாள். தலைவி தன் போனில் அவளைத் தனியாகவும் எடுத்தாள். முந்தானை நன்றாகத் தெரிந்தது.

"இன்னாடி இது, காலைலேந்து நின்னுகினே கீறா? ஒக்காந்தா இன்னா ஆவும் மகாராணிக்கு?" என்று தலைவி என்னிடம் கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கால் வலி என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் ஒரு பொய் வராதா? நான் உண்மையைச் சொன்னேன். செட் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தி சிரிப்பு தாங்காமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதற்கு ஒரு கூட்டம் சிரித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர் முன் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அப்போது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் விழுந்து கிடந்த வலைத்தளம் ஒன்றில் தலைவி எங்கள் ஊர் பெயரில் ஒரு குழு வைத்திருந்தாள். ஆண்கள் பள்ளிப் பையன்களும் அதில் இருந்தார்கள். படத்தை ஏற்றினாள். கீழே ஏதாவது எழுத வேண்டும். நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள், மற்றவர்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவார்கள். கீபோர்டை என் பக்கம் தள்ளினார்கள்.

"கல்யாணப் பொண்ணுக்கு முன்னாடியே முகூர்த்தப் பொடவை கட்டின முள்ளிப்பட்டு மகாராணி. இன்னிக்கு இதையே மடிச்சி கடைக்கு அனுப்பிடுவாங்க, யாரும் சொல்லிடாதீங்க."

தமிழை ஆங்கில எழுத்தில், ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அனுப்பியது தலைவியின் பெயரில். என் பெயர் எங்கும் இல்லை.

மூன்று நாளில் அதன் கீழ் நாற்பது ஐம்பது பேர் எழுதிவிட்டார்கள். அதில் பாதியை இங்கே எழுத முடியாது. புடவையைக் கழற்றச் சொன்னவர்கள் இருந்தார்கள். படம் போனுக்குப் போன் தாவியது. நான்காம் நாள் அது முதலாளியின் மகன் கண்ணில் பட்டது. ஜோடி அன்னத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரியாதா?

முதலாளி வந்தது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அவர் கத்தவில்லை. "ஒரு பொண்ணு வாழ்க்கைங்க அது. அந்த வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தை காலில் விழுந்திருக்க வேண்டும், "எந்திரிங்க, எந்திரிங்க" என்று முதலாளி சொன்னது கேட்டது. பிறகு தறியில் பாதி நெய்திருந்த அடுத்த புடவையைப் பாவோடு அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டுக்கு இனி யாரும் பாவு கொடுக்க மாட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. அன்று மாலை மாமா அத்தையை அடித்தார். அவர் அடித்து நான் அதுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. பிளஸ் டூ தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. நர்சிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. என்னைவிட நன்றாகப் படிப்பாள். பஸ் ஸ்டாப்பில் பையன்கள் என்னிடம், "மகாராணி எங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தலைவியிடம் போய் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அத நீ எழுதிட்டு என்கிட்ட வந்து சொல்றியா? போய் அவகிட்ட சொல்லு பாக்கலாம்" என்றாள்.

வகுப்பு டீச்சர் அவளுடைய ஹால் டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். "பக்கத்து வீடுதானே, குடுத்துட்டு எப்படியாவது பரீட்சைக்கு இட்டுகினு வந்துடு" என்றார். இரண்டு நாள் அதைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர்கள் வாசலில் போய் நின்றேன். அத்தை கதவைத் திறந்தார். கன்னத்தில் வீக்கம் வற்றவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் என்ன சொல்ல!

"வாம்மா. உள்ளதான் படுத்துகினு கீறா. ஒரு வார்த்தை பேசேன். நீ சொன்னா கேப்பா" என்றார்.

"டியூஷனுக்கு டைம் ஆச்சுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, ஹால் டிக்கெட்டை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு டியூஷனே இல்லை. ஏரிக்கரையில் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் தேர்வு எழுதவில்லை. ஜூனில் படவேட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமாவும் அத்தையும் வேலை தேடித் திருப்பூர் போனார்கள். நான் பாஸ் செய்து வேலூரில் கல்லூரி சேர்ந்தேன். தலைவி என்னைத் தெரிந்ததாகவே பிறகு காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஆடி வெள்ளிக்குப் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் உரச் சாக்கில் தைத்த பை. இளைத்துக் கறுத்திருந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நல்லா இருக்கியா என்று கேட்டாள். அந்தப் பக்கம் பஸ் குறைவு, காத்திருக்க நேரம் இருந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அன்னிக்கு அத எழுதுனது நான்தான்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

குழந்தையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்கம்மா உன்கிட்ட மட்டுந்தான சொன்னாங்க. வேற யாருக்குத் தெரியும்?" அவள் குரலில் கோபம் இல்லை. நாலு பேர் காதில் விழாமல் மெதுவாகத்தான் பேசினாள். "நீ வருவேன்னு பாத்துகினு இருந்தேன். வந்து சொல்லிட்டன்னா உன்ன நாலு அடி அடிச்சிட்டு, உன்கூடவே பஸ் ஏறிப் பரீட்சைக்குப் போயிடலாம்னு இருந்தேன். தனியா அந்த பஸ் ஸ்டாப்புல போய் நிக்க முடியாது இல்ல? அன்னிக்கு வாசல்ல உன் குரல் கேட்டுது. தலைய வாரிகினேன், ஆமா. நீ டியூஷனுக்குப் போயிட்ட."

நான் அழ ஆரம்பித்தேன். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மன்னித்துவிடு என்று ஏதேதோ சொன்னேன். அவள் என்னைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. கண்ணமங்கலம் பஸ் வந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் குழந்தைக்கு வெளியே எதையோ காட்டிப் பேச ஆரம்பித்தாள், என் பக்கம் பார்க்கவில்லை.