மாமா சொன்ன ஆமென்

அப்பா ஷேர் ஆட்டோ வாங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுக் காலை ஜெபம் நீண்டுபோனது. அதற்கு முன்பெல்லாம் ஒரு பாட்டு, ஒரு வசனம், அம்மாவின் நாலு வாக்கியம், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் இரவு வேலை. விடிந்ததும் வந்து முகம் கழுவுவார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நிற்போம். ஜெபம் முடிந்ததும் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுவார்.

"கொஞ்ச நேரம் படுத்து எய்ந்து போங்களேன்" என்று அம்மா தினமும் சொல்வாள்.

"எட்டு மணி ஷிப்டு ஆளுங்க ஸ்டேஷன்ல நின்னுகினு இருப்பாங்க. மத்தியானம் தூங்கிக்கறேன்" என்பார் அப்பா. மத்தியானம் அந்தக் கூரைக்குக் கீழே பல்லி கூடத் தூங்காது. அம்மா சொல்லி அவர் படுத்ததே இல்லை. ஆனால் ஜெபத்துக்கு மட்டும் மறுபேச்சு பேசமாட்டார்.

முழங்காலில் நின்று கட்டிலில் தலை சாய்த்ததும் அப்பாவிடமிருந்து மெல்லிய குறட்டை வரும். அப்பா அவ்வளவு ஆழமாக ஜெபிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மாவோ நிறுத்தமாட்டாள். போதகரின் மூட்டுவலி, ரயில்வே கேட்காரர், தெருக் குழாயின் மோட்டார், ஆரணியில் மாவு மில் வைத்திருக்கும் அத்தை என்று போய்க்கொண்டே இருப்பாள். வெளியே பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

என்னைவிடக் கோபம் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி அவர். கம்பெனி வேலை தேடிப் பள்ளிப்பட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஜெபம் முடியாமல் அம்மா யாருக்கும் நாஷ்டா வைக்கமாட்டாள். ஆறிப்போன இட்லியைத் தின்பதற்காகவா ஊரைவிட்டு வந்தோம் என்று என்னிடம் புலம்புவார்.

ஒரு நாள் அம்மா பழவேற்காட்டு மீனவர்களுக்காக ஜெபித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் மாமா கணீரென்று "ஆமென்" என்றார். பழக்கதோஷத்தில் நானும் "ஆமென்" என்றேன். அப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, எங்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொல்லி, கடைவாயைத் துடைத்தபடி சாவியைத் தேடினார். அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமா சூடான இட்லி சாப்பிட்டார். எனக்கு வேனில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்று முழுக்க மாமாதான் என் கதாநாயகன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா நெற்றியில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது ஆட்டோ சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டதாம்.

"நாய் குறுக்க வந்துட்ச்சு" என்றார்.

"இன்னா கலருப்பா?" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்சம் யோசித்து, "கறுப்பு" என்றார்.

அம்மா நாயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாமாவைப் பின்பக்கம் தண்ணீர் டிரம் அருகே கூப்பிட்டுக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இனிமே நான் முடிக்காம யாரும் ஆமென் சொல்லக் கூடாது" என்றாள். "அவரு எவ்ளோ நேரம் முட்டி போட்டுகினு கீறாரோ, அவ்ளோ நேரம் கெடக்கட்டும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம பண்ட்டேங்க்கா" என்றார். ஒரு ஆமெனுக்கு இவ்வளவு பெரிய மன்னிப்பா என்று நினைத்தேன்.

கட்டு பிரித்த மறுநாளே அப்பா வேலைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலை வழக்கம்போல முழங்காலில் நின்றோம். அம்மாவின் ஜெபத்தில் வழக்கமான எல்லோரும் முடிந்து, அவள் குரல் கம்மியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டபோது, அம்மா விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை மாமா பிடித்துக்கொண்டார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஜெபித்தே அறியாத மனிதர், பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் தொடங்கினார். அங்கே பூ விற்பவர்கள், வெற்றிலைக் கடைக்காரர், சித்தியின் சினைமாடு, கடம்பத்தூரில் ரயில் ஏறும் ஜனங்கள். குரலை மட்டும் ஏற்றவே இல்லை, தாலாட்டுவதுபோல மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

பொறுக்க முடியாமல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவும் மாமாவும் கண்ணை நன்றாகத் திறந்துவைத்து, ஏறி இறங்கும் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைத் திறந்துகொண்டு செய்யும் ஜெபம் பரலோகத்துக்குப் போகாது என்று ஞாயிறு பள்ளி அக்கா சொல்லியிருந்தார். பாவம், இவ்வளவு நீளமாக ஜெபித்தும் வீணாகப் போகிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் மன்னிக்கச் சொல்லிக் கர்த்தரிடம் கேட்டேன்.