மணிக்காரர் சொன்ன சாட்சி

தேவாலயத்தில் மணியடிப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மணிக்காரர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பதினோரு வருடம், பிள்ளைகுட்டி இல்லை. கோபுரத்தடியில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், கிழியாத இரண்டு சட்டை. பொய் வாயில் வராத மனிதர். பாடகர் குழுவில் யாராவது சுருதி விலகினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

ஒருநாள் காலை மணியடித்துவிட்டு வாசலுக்கு வந்தவர், எதிரே கணக்கு வாத்தியார் நிற்பதைப் பார்த்தார். சாலையில் ஒரு லாரி மெதுவாகத்தான் வந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அதன் முன்னால் இறங்கினார்.

பார்த்தது மணிக்காரர் ஒருவர்தான்.

மதியம் வாத்தியாரின் மனைவி ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவரே போய் விழுந்தார்னு சொல்லிடாதீங்க. கல்லறையில இடம் தரமாட்டாங்க. என் ரெண்டு பொண்ணுங்களும் ஊர் வாய்க்கு அவல் ஆயிடுவாங்க."

சட்டமெல்லாம் அன்புக்கு வேலைக்காரன்தான், அன்பு கேட்டால் பொய்யும் நன்மைதான் என்று போதகர் முந்தின ஞாயிறுதான் பிரசங்கம் செய்திருந்தார். மணிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றே போலீஸிடமும், பிறகு கோர்ட்டில் பைபிள் மேல் கைவைத்தும், "லாரி கண்மண் தெரியாம வந்துச்சு" என்றார். நாக்கு குழறவே இல்லை. வாத்தியாருக்குப் பாட்டோடு நல்லடக்கம்; டிரைவருக்கு மூன்று வருடம் ஜெயில்.

நாலு மாதம் கழித்து டிரைவரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"ஐயா, தப்பே பண்ணலைன்னு அவர் சத்தியம் பண்றார். காத்திருக்கிறதா, பொறந்த வீட்டுக்குப் போறதான்னு தெரியலை. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க, போதும்."

உண்மையைச் சொன்னால் வாத்தியார் மகளுக்கு நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோகும்.

"கோர்ட்டுல சொன்னதுதாம்மா" என்றார் மணிக்காரர்.

அவள் போய்விட்டாள், புருஷனை விட்டும்.

அன்று சாயங்காலமே போதகரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். போதகர் முகம் வெளுத்துவிட்டது. "அன்புன்னுதான் சொன்னேன். அந்த டிரைவர் மேல யார் அன்பு வைக்கிறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே சொன்னா உங்களையும் உள்ளே வைப்பாங்க. யோசிச்சுச் செய்யுங்க" என்றார்.

மணிக்காரர் யோசித்தார். யோசித்தபடியே மீதி வருடங்களும் ஓடிவிட்டன.

விடுதலையான டிரைவர் நேரே அவர் அறைக்கு வந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று மணிக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவனோ தரையில் உட்கார்ந்தான்.

"மெதுவாத்தான் வந்தேன்னு சாதிச்சுக்கிட்டே இருந்தேன் ஐயா. பைபிள் மேல கைவெச்சு நீங்க ஏன் பொய் சொல்லப்போறீங்க? நான்தான் கொன்னிருக்கேன். நீங்களாவது மன்னிக்கணும்."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மன்னிச்சுட்டேம்பா. எழுந்திரு."

அவன் அவர் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.