ஜீப்பில் ஏறிய அம்மாள்

பெட்ரோல் எண்ணெய் விலை ஏறிய அந்த வருஷம், எம்.ரெட்டியபட்டிக்குப் பருத்தி எடுக்க வருகிறவர்கள் வீடு திரும்பும் சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நாட்டுக்காக எல்லோரும் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று அருப்புக்கோட்டையிலிருந்து அங்கே பேசப் போன அதிகாரியின் குமாஸ்தா நான்.

கூட்டம் முடிந்து அதிகாரியும் நானும் டிரைவரும் வந்தால், ஜீப்பின் பின்சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான கறுத்த உடம்பு, மடியில் கூலியாகக் கிடைத்த பருத்தி மூட்டை. சேலையில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்து மூட்டைக்குள் திணித்துக்கொண்டே இருந்தார்.

"இறங்கும்மா, சர்க்கார் வண்டி" என்றார் அதிகாரி.

"எண்ணெய மிச்சம் பிடிக்கணும்னு நீங்கதானய்யா சொன்னீக? இம்புட்டுப் பெரிய வண்டில மூணே பேரு போனா வீணில்லயா?"

"நாட்டுக்கே கஷ்டம்மா."

"அந்த நாட்டுல நீங்களும்தான இருக்கீக? ஒரு நாளு நடந்து பாருங்க."

வெளியே நின்ற பெண்களையும் அவர் கூப்பிட்டார். மூட்டைகளோடு ஐந்து பேர் ஏறினார்கள். அதிகாரி கடுகடுவென்று முன்சீட்டில் உட்கார்ந்து, "நீ நடந்து வா" என்றார் என்னிடம். இறங்கினேன்.

ஜீப் கிளம்பும்போது அந்த அம்மாள் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஒங்களையா நடக்கச் சொன்னேன்? நீங்க ஏன்யா இறங்குனீக?"

அருப்புக்கோட்டை வரை நடந்தேன். அதிகாரியின் மேல் அல்ல, வழி முழுக்க என் மேல்தான் கோபமாக வந்தது.