பட்டன் வேண்டாம் என்றவன்

அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதாமலே ஈப்போவில் எங்கள் வட்டாரமான சிலிபினில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான்தான் ஏற்பாடு செய்தேன்.

நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தை அழித்து வீட்டுமனைகள் ஆக்கியபோது அங்கிருந்து ஈப்போவுக்கு வந்தவர்கள் நாங்கள். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். கிரிப்டோ நாணய வலையோடு கணினியை இணைக்கும் 'நோட்' (node) மென்பொருளை எங்கள் ஆட்களுக்கு ஏற்றபடி இருவரும் சேர்ந்து மாற்றிக் கொடுத்து வந்தோம். உள்வேலை அவனுடையது. காசைப் பார்க்கவும் அனுப்பவும் தமிழில் பட்டன் வைத்த வாலட் திரை என்னுடையது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அக்கா, காம்பார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்காகச் சேர்த்ததையெல்லாம் அதில்தான் வைத்திருந்தாள்.

ஒருநாள் நாங்கள் தேநீர் குடிக்கும் மாமாக் கடையில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னான். "நோட்டுக்கு எதுக்கு மச்சான் பட்டன்? வேல தெரிஞ்சவன் கமாண்ட் அடிப்பான். தெரியாதவனுக்கு இதெல்லாம் எதுக்குலா?"

அடுத்த பதிப்பில் என் திரையைத் தூக்கிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகளின் கட்டணம் கட்டும் நாள் வந்தது. அக்கா திறந்தால் வெறும் கருப்புத் திரை. நான் கோலாலம்பூரில் இருந்தேன், அவனையே கூப்பிட்டாள். வந்தான், பந்தாவாகத் தட்டினான். அந்த நாணயத்தில் கொஞ்சம் அனுப்பினாலும் சேர்த்தது முழுவதும் கிளம்பும். மிச்சம் திரும்பிவர வேண்டிய முகவரியைக் கமாண்டில் நாமே எழுத வேண்டும். என் திரை அதைத் தானாகவே செய்யும். பெரிய வேலை தெரிந்தவன் எழுத மறந்தான். மிச்சம் அத்தனையும் அனுப்புகூலியாக, அந்தப் பரிமாற்றத்தை வலையில் பதிவு செய்த முகம் தெரியாத எவனுக்கோ போய்ச் சேர்ந்தது.

"சோரி லா அக்கா, ஒரு வரி விட்டுப்போச்சு" என்றானாம்.

போனில் அக்கா அழக்கூட இல்லை. "அந்தப் பழைய பட்டன் இருந்திருந்தா நானே அனுப்பியிருப்பேனே தம்பி" என்றாள். சும்மா விடுவேனா?

திரையை மறுபடி கட்டித் தனிப் பதிப்பாக வெளியிட்டேன். எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் இதற்கு மாறினார்கள், அவன் மனைவி உட்பட. யார் காசு அனுப்பினாலும் திரையில் முதலில் இந்த வரி வரும்: "மிச்சம் உங்களுக்கே திரும்புகிறது. சிலிபினில் ஓர் அக்காவுக்குத் திரும்பவில்லை. பட்டன் வேண்டாம் என்றவர் மறந்துவிட்டார்."

போன வாரம் அதே மாமாக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது எனக்கு.

"மச்சான், வீட்டுல பொண்டாட்டி சத்தமாப் படிச்சிக் காட்டுறா. மானம் போவுதுலா. அத மட்டும் எடுத்துரேன்."

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தேன்.

"ஒரு வரிதானே மச்சான்" என்றேன். "இருந்துட்டுப் போவட்டும் லா."