கொலைக்கதையின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் மூன்று ராஜ்ஜியங்கள் இருந்தன. நைனாவுக்குச் சரித்திரக் கதை, சித்தப்பாவுக்குத் துப்பறியும் கதை, அம்மாவுக்குக் குடும்பக் கதை. மூன்றும் ஒரே வாரப் பத்திரிகையில் தொடர்கதைகளாக வந்துகொண்டிருந்தன. அம்பத்தூர் ஒண்டிக்குடித்தனத்தில் நாங்கள் வாங்கியதோ ஒரே ஒரு பிரதி.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மின்சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பத்திரிகை முதலில் அவர் கைக்குத்தான் போகும். குதிரை ஓடும் இடங்களையும் வாள் மோதும் இடங்களையும் வாய்விட்டுப் படிப்பார். அடுத்து சித்தப்பா. கல்யாணமாகாதவர், ஆவடியில் ஒரு பட்டறைக்கு ரயிலில் போய்வருபவர். கொலைகாரன் யார் என்பதை மூன்றாவது வாரமே அடித்துச் சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை. அடுப்பங்கரை ஓய்ந்த பிறகு அம்மாவின் முறை. அம்மா சத்தமில்லாமல் படிப்பாள். ஆனால் கதாநாயகிக்கு அந்த வாரம் என்ன கஷ்டம் வந்தது என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

கடைசியாக எனக்கு வரும். மூன்றையும் படிப்பேன். கதையை எழுதுகிறவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போது தெரியாது. எங்கோ இதெல்லாம் நடக்கிறது, பத்திரிகைக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அச்சடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மற்ற விஷயங்களில் நான் அவ்வளவு மக்கு இல்லை.

தொடர்கதை முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, பைண்டு செய்து வைப்பது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம். எங்கள் வீட்டில் அதுவே வருடாந்தரப் போர். ஒரு தாளின் முன்பக்கம் சரித்திரக் கதை முடிந்திருக்கும், பின்பக்கம் அம்மாவின் கதை தொடங்கியிருக்கும். தாள் யாருக்கு? பூந்தமல்லியில் பைண்டு செய்கிற பாயிடம் அம்மா ஒருமுறை இதற்கு வழி கேட்டாள். அவர் பசை வாளியிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தார்.

"ஒரு தாளுக்கு ரெண்டு மொகம்மா. கோயி மாதிரி தோலா உரிக்க முடியும்? ஊட்லயே அட்ச்சிகினு ஒரு முடிவுக்கு வந்துட்டு, அப்பறமா எட்த்துகினு வாங்க."

வீட்டில் முடிவு எப்போதும் ஒன்றுதான். நைனாவின் கதைக்கு முதல் உரிமை, சித்தப்பாவின் கதைக்கு இரண்டாவது. மிஞ்சியது அம்மாவுக்கு. ஆகவே அம்மாவின் புத்தகத்தை மட்டும் தனியாகப் படிக்க முடியாது. கதாநாயகி மயங்கி விழும் பக்கம் நைனாவின் போர்க்களத்துக்கு நடுவே இருக்கும். அவள் பிள்ளை பெறும் பக்கம் சித்தப்பாவின் பிணவறைக்குப் பின்னால் இருக்கும். குடித்தனக்காரப் பெண்கள் அம்மாவிடம் புத்தகம் இரவல் வாங்கினால், விட்டுப்போன பக்கங்களை அடிபம்பு அருகே அம்மா வாயால் சொல்லிவிடுவாள். புத்தகத்தோடு அதுவும் சேர்த்தி. இதனால் அம்மா ஒவ்வொரு தாளுக்கும் கடைசிவரை மல்லுக்கு நிற்பாள்.

அந்த வருடம் அம்மா படித்த தொடர்கதை குடித்தனம் முழுவதையும் ஆட்டிவைத்தது. புருஷனின் கொடுமை தாங்காமல் ஒருத்தி கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வந்து ரயில் நிலையத்தில் நிற்கிறாள். தூரத்தில் ரயிலின் வெளிச்சம் தெரிகிறது. 'அடுத்த இதழில் முற்றும்.' அடுத்த இதழ் வந்தபோது எனக்குச் சின்னம்மை. கண்ணுக்கு ஆகாது என்று என்னைப் படிக்கவே விடவில்லை. வேப்பிலைப் படுக்கையிலிருந்து அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்த அம்மா பத்திரிகையைக் கீழே போட்டாள். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள்ளேயே பைண்டுக்குப் பிரிக்கும் நாள் வந்தது, அன்று ஓர் அதிசயம் நடந்தது. அந்தக் கடைசி அத்தியாயம் ஒரே பக்கம். அதன் மறுபக்கத்தில் சித்தப்பாவின் கொலைகாரன் பிடிபடுகிறான். சித்தப்பா சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். அம்மாவோ, "எட்த்துக்க" என்று தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். சித்தப்பாவுக்கே அது கொஞ்சம் ஏமாற்றம். பைண்டாகி வந்த புத்தகத்தை அவர் பெருமையாகப் பட்டறைக்கு எடுத்துப் போனார். யாரோ இரவல் வாங்கினார்கள். போனது போனதுதான்.

கொஞ்ச நாளில் தீபாவளி மலர் வந்தது. அதில் கதை எழுதுகிறவர்களின் புகைப்படங்கள் போட்டிருந்தார்கள். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. வாராவாரம் தலைகளை உருட்டிய சரித்திரக் கதைக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நாற்காலியின் நுனியில், யாராவது எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார். கொலைக்கதைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு, மடியில் ஒரு குழந்தையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கதையை எழுதியவருக்குப் பெண் பெயர். ஆனால் படத்தில் இருந்தது முறுக்கிய மீசையோடு ஓர் ஆண். மனைவியின் பெயரில் எழுதுகிறாராம்.

அம்மா அந்த மீசையை வெகுநேரம் பார்த்தாள். "அதான பாத்தேன்" என்றாள்.

"எதம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, போ."

கதைக்கு எழுதுகிறவர் உண்டு என்று தெரிந்த அன்றிலிருந்து எனக்கு அவர்கள்மேல் பயங்கர மரியாதை வந்துவிட்டது. அவர்கள் எழுதினால் எழுதியதுதான். கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா வந்து சேர்ந்தார். பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு துணிப்பை, காதோரம் ஆறாத காயம். எதிர்வீட்டில் இருந்தது அவருடைய அண்ணனும் அண்ணியும். வந்த வாரத்திலிருந்தே அண்ணன், "எப்ப போறே" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கெட்டவர் இல்லை. அவருக்கும் இருந்தது ஓர் அறை, நான்கு பிள்ளைகள். நைனாவின் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதற்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அங்கே போவதா, பூந்தமல்லிக்குத் திரும்புவதா என்பதுதான் அப்போது குடித்தனம் முழுக்கப் பேச்சு. "நா எப்பிடிக்கா வேலைக்கெல்லாம்" என்று அக்கா அம்மாவிடம் சொல்வதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த அக்கா அம்மாவின் புத்தகத்தை இரவல் வாங்கினார். முடிவு இல்லாத புத்தகம். மறுநாள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே கேட்டார்.

"யக்கா, டேசன்ல நிக்கிறாளே, அப்பால இன்னா ஆச்சு?"

அம்மா குடத்தை நேராக வைத்தாள். "ரயிலு வந்துச்சு. கொய்ந்தைய இட்டுகினு ஏறிட்டா."

"ஏறிட்டாளா?"

"ஏறாம? சன்னலோரம் எடங்கூட கெடச்சிது."

நானும் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கும் முடிவு தெரியாதே. மறுநாளும் அக்கா கேட்டார், அம்மா சொன்னாள். அவள் ஓர் ஊரில் இறங்கினாள். அங்கே ஒரு கம்பெனி. கேட்டருகே ஒரு வேப்பமரம். முதல் நாள் விரலெல்லாம் கம்பி கிழித்தது, பத்தாம் நாள் பழகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சஞ்சோறு. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். ஒரே பக்கத்தில் முடிந்த கதை எப்படி மாதக்கணக்கில் நீள்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நைனாவின் கம்பெனி வாசலிலும் வேப்பமரம் உண்டு. கம்பெனி என்றால் வேப்பமரம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அண்ணன் பூந்தமல்லிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷன் வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். திங்கட்கிழமைதான் கம்பெனியில் ஆள் எடுக்கும் கடைசி நாள் என்று நைனா சொன்னார்.

சனிக்கிழமை இரவல்காரன் சித்தப்பாவின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பக்கத்துக்குப் பக்கம் கிரீஸ் கைரேகை. இரவல் வாங்கியவன் யார் என்பதையாவது சித்தப்பா அதை வைத்துச் சரியாகக் கண்டுபிடித்திருக்கலாம். ஞாயிறு காலையில் நான் அதைப் புரட்டினேன். கடைசித் தாளைத் திருப்பியதும் அம்மாவின் கதை. ரயில் வருகிறது. புருஷன் ஓடிவருகிறான். அவள் அவன் காலில் விழுகிறாள். 'உங்கள் காலடியைவிட எனக்கு வேறு ஊர் ஏது?' இருவரும் வீடு திரும்புகிறார்கள். முற்றும்.

அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். மீசைக்காரர் தீர்ப்பு எழுதியிருக்கிறார், அம்மா அதை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடினேன். அங்கே அம்மா, அக்கா, அக்காவின் அண்ணி மூவரும் இருந்தார்கள்.

"யம்மா, நீ தப்பா சொல்ட்டே! அவ ரயில் ஏறவே இல்ல. புருசன் வந்து இட்டுகினு பூட்டான். இதோ, போட்டுக்கீது பாரு!"

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. அண்ணிக்கு எழுதப்படிக்கத் தெரியாது. ஆனால் காரியம் புரிந்துவிட்டது.

"பாத்தியாமே? கதையிலயே அவ புருசங்கிட்டதான் போய்க்கீறா. கல்லானாலும் கணவன்னு சும்மாவா சொன்னாங்க? இந்தக்கா பேச்ச கேட்டுகினு நீ துள்ளாத."

பம்பு நின்றுவிட்டது. அக்கா கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். என் கையிலிருந்த புத்தகத்தை அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றார். "பூந்தமல்லில பக்கத்தூட்ல அந்தப் பொஸ்தகம் வாங்குவாங்க. வந்த வாரமே படிச்சிட்டேன். அதப் படிச்சிட்டுதான் அப்பறமும் எம்மாநாளு அங்கியே கெடந்தேன்."

அக்காவின் குழந்தை சேற்றில் உட்கார்ந்து குடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுக்கா. நேத்து எங்க உட்டே?"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, என்னையும் என் புத்தகத்தையும் அண்ணியையும் வைத்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அக்கா மறுபடியும் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் பூந்தமல்லியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். வாழைப்பழச் சீப்பு, பூ எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். புருஷன் சலவைச் சட்டையில் சாதுவாக உட்கார்ந்திருந்தான். குடித்தனம் முழுவதும் வாசலில் நின்றது. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்து, "நாளைக்கு எனக்கு வேல கீது. காலம்பற எழுந்துக்கணும். நீங்க கெளம்புங்க" என்றார். அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். நைனா எங்கள் வாசலிலிருந்தே, "ஆமா, நாந்தான் சொல்லி வெச்சிக்கீறேன், எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க" என்றார். நைனா போர்க்களத்தில் நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அண்ணனின் கை இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை அக்கா நைனாவுக்குப் பின்னால் எஸ்டேட்டுக்கு நடந்து போனார். குழந்தையை அம்மா வாங்கிக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலைவிட்டு நகரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பும் இருந்தது. எனக்கு இரண்டுமே விளங்கவில்லை.

என் மனசெல்லாம் வேறு ஒரு கணக்கில் இருந்தது. அந்த அக்காவுக்கு முடிவு முதலிலேயே தெரியும். அம்மா சொல்வது பொய் என்பதும் தெரியும். அப்படியிருக்க, ஏன் தினமும் வந்து, தெரியாதவர் மாதிரி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்? அம்மாவிடம் கேட்டதற்கு, "கொய்ந்த அழுவுது பாரு, தூளிய ஆட்டு" என்றாள். தூளியை ஆட்டிக்கொண்டே யோசித்தேன், பிடிபடவில்லை. கதை தெரியாதவர்கள்தான் கதை கேட்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது.